பாட்டு சம்பந்தப்பட்ட வேலைல இருக்கவங்க வீட்ல பாட்டு கேப்பீங்களா? புதுசு புதுசா எப்படி கண்டுபிடிக்கறீங்க?

திண்டுக்கல் பூட்டு:

வணக்கம் மக்களே. என் சித்தி பையன் சென்னைல ஒரு ஸ்டூடியோல மிக்ஸிங் அசிஸ்டென்ட்டா இருக்கான், தனித்தனியா பதிஞ்ச குரலையும் வாத்தியத்தையும் ஒண்ணா சேக்கற வேலை. போன மாசம் திருநெல்வேலில ஒரு கல்யாணம், ரெண்டு பேரும் என் கார்லயே போனோம். ஏறி உக்காந்ததும் நான் ஆசையா ப்ளேலிஸ்ட் போட்டேன், வாடிப்பட்டி தாண்டறதுக்குள்ள "அண்ணா, கொஞ்சம் ஆஃப் பண்றியா"ன்னுட்டான். விருதுநகர் வரைக்கும் வண்டில டயர் சத்தம் மட்டும்தான். எனக்கு தூக்கமே வந்துருச்சு.

சரி, பாட்ட வெச்சு சம்பாதிக்கறவனுக்கு பாட்டே வெறுத்துப் போச்சு போலன்னு நெனச்சேன். ஆனா கோவில்பட்டில டீ குடிக்க இறங்கினா, கடைல ஏதோ நாட்டுப்புறப் பாட்டு ஓடிட்டிருந்துச்சு, இவன் டீய கூட வாங்காம அந்த ஸ்பீக்கருக்கு கீழ போய் நின்னுட்டான். அஞ்சு நிமிஷம். என்னடான்னா "அந்த உறுமிய கேளு, தோல் இழுபடற சத்தம் அப்படியே வருது, ஒரே மைக்ல எடுத்திருப்பாங்க போல"ங்கறான். எனக்கு உறுமி எது தவில் எதுன்னே அந்த ஸ்பீக்கர்ல தெரியல.

என் கதை என்னன்னா, வயசு 34, காலேஜ்ல கேட்ட அதே 40 பாட்டுதான் இன்னிக்கும் ஓடுது. ஆப்ல "உங்களுக்காக"ன்னு வர்றதும் சுத்தி சுத்தி அதேதான். அதனால இந்த துறைல இருக்கவங்ககிட்ட கேக்கறேன், நீங்க சும்மா இருக்கறப்போ பாட்டு கேப்பீங்களா, கேட்டா எப்படி கேப்பீங்க, புதுசு எங்கேர்ந்து புடிப்பீங்க? பெரிய ஸ்பீக்கர் வாங்கு, பத்தாயிரம் ரூபா ஹெட்ஃபோன் வாங்குன்னு மட்டும் சொல்லிராதீங்க, வீட்ல அடி விழும்.

மோனோ மாமா:

விருதுநகர் வரைக்கும் சத்தமில்லாம வண்டி ஓட்ட ஒரு அண்ணன் கெடச்சிருக்கான் பாருங்க, உங்க சித்தி பையன் குடுத்து வெச்சவன். எனக்கு கல்யாணமான புதுசுல இதுதான் வீட்ல மொத சண்டையே, "ஊருக்கெல்லாம் பாட்டு போடறீங்க, எனக்கு மட்டும் ஆஃப் பண்றீங்க"ன்னு.

நான் சாலிகிராமம் பக்கம் மிக்ஸ் பண்ற ஆளு, 15 வருஷம் ஆச்சு. ஒரு நாள் எப்படி போகும்னு சொல்றேன். ஒரே பாட்டுதான், காலைல 11க்கு ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும். அதையும் முழுசா கேக்க மாட்டேன். ரெண்டாவது சரணத்துல ஒரு வார்த்தைல "ச" வரும், பாடினவர் மைக்குக்கு கிட்ட வந்துட்டதால அது பல்லு கூசற மாதிரி குத்தும், அந்த ஒரு எழுத்த மட்டும் நாப்பது தடவ போட்டு போட்டு கேப்பேன். அப்புறம் கிக் டிரம்முக்கும் பேஸ் கிட்டாருக்கும் நடக்கற சண்டை. அப்புறம் டைரக்டர் வந்து "வாய்ஸ் கொஞ்சம் மேல"ம்பாரு, மியூசிக் டைரக்டர் போன்ல "வாய்ஸ் கொஞ்சம் கீழ"ம்பாரு. இப்படி பத்து மணி நேரம் இருந்துட்டு வந்தவன் முன்னாடி நீங்க ப்ளேலிஸ்ட் போட்டா அவனுக்கு அது பாட்டா கேக்காது சார், மிச்சம் வெச்சுட்டு வந்த வேலை மாதிரி கேக்கும்.

இன்னொண்ணு, காது எங்களுக்கு முதலீடு. 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் கணக்கு, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி ஆயிடும், 88ல 4 மணி, 91ல 2 மணி. ஹைவேல கண்ணாடி இறக்கி விட்டுட்டு காத்து சத்தத்துக்கு மேல பாட்டு கேக்கற மாதிரி வெச்சா அது எவ்ளோ போகும்னு நெனக்கறீங்க. நான் வேலையையே ரொம்ப சின்ன வால்யூம்லதான் பண்ணுவேன், பக்கத்துல ஆள் பேசினா கேக்கணும், அவ்ளோதான். சத்தம் வெச்சா எதுவும் நல்லாத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு 1933லயே கண்டுபிடிச்சு சொல்லிட்டாங்க, வால்யூம் குறைஞ்சா நம்ம காதுக்கு அடி சத்தமும் உச்சி சத்தமும் முதல்ல காணாம போகும், ஏத்தினா அது ரெண்டும் திரும்ப வந்துரும், உடனே நமக்கு "ஆஹா"ன்னு இருக்கும். அதனால ரெண்டு பாட்ட ஒப்பிடணும்னா மொதல்ல சத்தத்த ஒரே அளவுக்கு கொண்டாங்க, அப்புறம் சொல்லுங்க எது நல்லாருக்குன்னு. ஸ்பாட்டிஃபைலயே எல்லாத்தையும் -14 லஃப்ஸ் (சத்தத்த அளக்கற கணக்கு) பக்கமா இழுத்து வெச்சிருக்கறது இதுக்குத்தான். முன்னெல்லாம் "பக்கத்து பாட்ட விட சத்தமா வேணும்"னு புரொட்யூசர் உக்காந்து அடம் புடிப்பாரு, இப்போ அது கொஞ்சம் குறைஞ்சிருக்கு. கொஞ்சம்தான்.

சரி நீங்க கேட்டதுக்கு வர்றேன். வீட்ல கேப்பேன், ஆனா எப்படி பண்ணாங்கன்னு எனக்கு தெரியாத சங்கதியாத்தான் கேப்பேன். தமிழ் சினிமா பாட்டு போட்டா யார் மிக்ஸு, எந்த ரிவெர்ப் (எக்கோ மாதிரி), எந்த ஸ்டூடியோல ஏசி ரிப்பேரு எல்லாம் ஞாபகம் வந்து தொலைக்குது. அதனால கோயில் நாகஸ்வரம், மைக் இல்லாம, குளத்துக்கு அந்தப் பக்கம் நின்னு. இல்லன்னா ரேடியோ கார்டன்னு ஒரு வெப்சைட் 2016லேர்ந்து இருக்கு, உலக உருண்டைய சுத்தி விட்டு எந்த ஊர்ல விரல் வெக்கறமோ அந்த ஊர் ரேடியோ ஓடும், காசு கிடையாது. ராத்திரி மாலி நாட்டு பமாகோல வெச்சுட்டு பாத்திரம் கழுவுவேன். என்ன பாடறாங்கன்னும் தெரியாது, யார் மிக்ஸ்னும் தெரியாது, நிம்மதி.

புதுசு கண்டுபிடிக்க எனக்கு தெரிஞ்சது ஒரே வழி, ஆள தொடர்றது. பாட்டு புடிச்சா பாடினவர் பேரையும் மியூசிக் டைரக்டர் பேரையும் மட்டும் பாத்துட்டு விட்டுடறோம், அதுக்குள்ள வாசிச்சவங்க யாரு? ரஹ்மான் வந்தப்புறம்தான் கேசட் கவர்ல வாசிச்சவங்க, இன்ஜினியர்னு எல்லார் பேரும் வர ஆரம்பிச்சுச்சு, எச். ஸ்ரீதர்ங்கற இன்ஜினியர் பேர நான் மொதல்ல பாத்தது அந்த மடிச்ச அட்டைலதான், பூதக்கண்ணாடி வெச்சு படிக்கற சைஸ்ல. அந்த பேர பாத்துதான் இப்படி ஒரு வேலை இருக்குன்னே எனக்கு தெரியும்.

உதாரணத்துக்கு நான் போன ஒரு ரூட்ட சொல்றேன். எனக்கு 20 வயசுல விக்கு விநாயக்ராம் கடம் மேல ஒரு பைத்தியம். கச்சேரில கேட்டது. அவர் வேற எங்கல்லாம் வாசிச்சிருக்காருன்னு தேடினா ஷக்திங்கற குரூப், 70கள்ல கிட்டார் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். ஷங்கர், தபலா ஜாகிர் ஹுசைன் கூட. அத ஒரு வருஷம் கேட்டேன். அங்கேர்ந்து பிளானட் டிரம்ங்கற ஆல்பம், அமெரிக்க டிரம்மர் மிக்கி ஹார்ட் பண்ணது, 1991. உலக இசை ஆல்பம்னு கிராமி விருதுல ஒரு பிரிவு ஆரம்பிச்ச மொத வருஷமே அதுக்குதான் குடுத்தாங்க. அந்த அட்டைல இருந்த பேர எல்லாம் ஒவ்வொண்ணா புடிச்சேன்: ஜியோவானி ஹிடால்கோ, பொர்ட்டோ ரிக்கோக்காரர், காங்காங்கற கைமேளம். ஏர்டோ மொரேரா, பிரேசில். சிகிரு அடெபோஜு, நைஜீரியா, அக்குள்ள இடுக்கி அமுக்கி வாசிக்கற பேசும் டிரம், அது பாக்க நம்ம இடக்கா, உடுக்கைக்கு சித்தப்பா மாதிரியே இருக்கும், கயித்த அமுக்கினா சுருதி ஏறும். பாபாதுண்டே ஒலாதுன்ஜி, அவரோட 1960 ஆல்பத்துக்கு போனா அங்கேர்ந்து அமெரிக்க ஜாஸ் முழுக்க கதவு தெறக்குது. ஒரு கடத்துலேர்ந்து கிளம்பி மூணு கண்டம். எந்த ஆப்பும் எனக்கு இந்த ரூட்ட போட்டு குடுத்திருக்காது, ஏன்னா கடம் கேட்டவனுக்கு அது இன்னொரு கடம்தான் குடுக்கும்.

உங்க 40 பாட்டுல ஒண்ண எடுங்க, பக்கத்துல மூணு புள்ளி இருக்கும், அமுக்குங்க, கிரெடிட்ஸ்னு இருக்கும். பாதி பாட்டுக்கு ஒழுங்கா போட்டிருக்க மாட்டாங்க, அது எங்க துறையோட தீராத வியாதி. மிச்ச பாதில இருக்கும்.

சும்மா சொல்றேன்:

இதெல்லாம் கொஞ்சம் ஓவரா தெரியல? பாட்டுன்னா போட்டமா கேட்டமான்னு இருக்கணும். கடம் புடிச்சு நைஜீரியா போற அளவுக்கு யாருக்கு நேரம் இருக்கு. ஆபீஸ் பஸ்ல 40 நிமிஷம், அதுல 10 நிமிஷம் தூக்கம்.

மோனோ மாமா:

@சும்மா சொல்றேன் நான் போக 6 வருஷம் ஆச்சு தலைவா, ஒரே நாள்ல போகல. பஸ்லயே போலாம்.

நைட் டியூட்டி:

நான் ஒரு தனியார் எஃப்எம்ல மியூசிக் ஷெட்யூலிங் பாக்கறேன், 9 வருஷமாச்சு, ஆர்ஜே கிடையாது, குரல் வராத ஆளு. எந்த பாட்டு எத்தன மணிக்கு போகணும்னு போடறது நான். போடறதுன்னா கையால எழுதறது இல்ல, அதுக்குன்னு சாஃப்ட்வேர் இருக்கு, பாட்ட எல்லாம் வகை பிரிச்சு வெச்சிருப்போம், புதுசு, ஓடிட்டிருக்கறது, கொஞ்சம் பழசு, ரொம்ப பழசு, மெதுவு, வேகம், ஆண் குரல், பெண் குரல், சோகம், ஒரே மியூசிக் டைரக்டர் அடுத்தடுத்து வரக்கூடாது, ஒரே பாடகர் இத்தன நேரம் தள்ளித்தான் வரணும், இப்படி நூறு விதி, அது ஒரு லிஸ்ட் தரும், நான் உக்காந்து சண்டை போட்டு மாத்துவேன்.

என் பிரச்சனை மோனோ மாமாவோடதுக்கு நேர் எதிர். அவர் ஒரு பாட்ட நூறு தடவ கேக்கறாரு, நான் நூறு பாட்ட பத்து பத்து செகண்டா கேக்கறேன். ஹூக்னு சொல்லுவோம், பாட்டுல எந்த இடம் வந்தா ஆட்டோக்காரரு "ஓ இதுவா"ன்னு திரும்புவாரோ அந்த துண்டு. நேயர்கள்கிட்ட கருத்து கேக்கறப்போ அந்த துண்ட மட்டும்தான் போட்டு காட்டுவாங்க, தெரியுமா, புடிக்குமா, சலிச்சுருச்சா, மூணு கேள்வி. இதுலயே ஊறி ஊறி எனக்கு ஒரு கோளாறு வந்துருச்சு, நல்ல பாட்டு போட்டா கூட பல்லவி முடிஞ்சதும் கை தானா அடுத்ததுக்கு போகுது. என் பொண்ணு ஒரு நாள் கேட்டா "அப்பா, இந்த பாட்டுக்கு சரணமே கெடையாதா?"

வேலைல கத்துகிட்ட ஒண்ணு சொல்றேன். ஒரு புது பாட்டு எங்களுக்கு சலிச்சு வாந்தி வர்ற அன்னிக்குதான் கேக்கறவங்களுக்கு அது லேசா பழக்கமாக ஆரம்பிச்சிருக்கும். நாங்க நாள் முழுக்க கேக்கறோம், அவங்க கடைக்கு போற பத்து நிமிஷம் கேக்கறாங்க. அதனால "எனக்கு போரடிக்குது எடுத்துடலாம்"னு புது ஆர்ஜே சொன்னா "இன்னும் மூணு வாரம் இரு ராசா"ம்பேன். பூட்டு சார், நீங்க ஒரு புது பாட்ட ஒரு தடவ கேட்டுட்டு "புடிக்கல"ன்னு தள்ளிடறீங்க பாருங்க, உங்க 40 பாட்டுல பாதி உங்களுக்கு மொத தடவ புடிச்சிருக்காது, ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்காரன் போட்டு போட்டு உங்க மேல திணிச்சதுதான். இப்போ பக்கத்து ரூம்காரன் இல்ல, அதுதான் வித்தியாசம். புதுசா ஒண்ணு எடுத்தா நாலு நாள்ல நாலு தடவ கேளுங்க, அப்புறம் தள்ளுங்க.

எனக்கு புதுசு எங்கேர்ந்து வருதுன்னா, உண்மைய சொல்றேன், எங்க ஸ்டேஷனுக்கு வர்ற போன்கால். ராத்திரி ஒரு மணிக்கு மேல கூப்பிடறவங்க வேற ரகம். லாரி ஓட்றவரு, ஆஸ்பத்திரி செக்யூரிட்டி, மில்லுல ஷிப்ட் முடிச்சவங்க. 1983, 84ல வந்து ஓடாம போன ஏதோ படத்துல ஒரு பாட்டு கேப்பாங்க, எங்க லைப்ரரில இருக்காது, படத்து பேர் அவருக்கும் தெரியாது, போன்லயே நாலு வரி பாடி காட்டுவாரு. மறுநாள் நான் வேலைய விட்டுட்டு அத தேடுவேன். அப்படி சேத்ததுன்னு தனியா ஒரு நோட்டு வெச்சிருக்கேன், அதுதான் என் வீட்டு ப்ளேலிஸ்ட். அத கேக்கறப்போ மட்டும் கை அடுத்ததுக்கு போகறதில்ல, அவர் பாடின குரல்ல இருந்த நடுக்கம் ஒரிஜினல்ல எங்க இருக்குன்னு தேடிட்டே முழுசா கேட்டுருவேன்.

பாதி ஜாக்:

லைட் மியூசிக் கீபோர்ட், திருச்சி ஏரியா, 1988லேர்ந்து மேடை. கல்யாணம், கோயில் திருவிழா, கட்சி ஃபங்ஷன், எதுவும் விட்டதில்ல. எங்களுக்கு பாட்டு கேக்கறதுன்னா காப்பி எடுக்கறது. நாளைக்கு சாயங்காலம் மேடைல வாசிக்கணும், இன்னிக்கு ராத்திரி கேட்டு எடுக்கணும். நோட்ஸ் எவன் குடுப்பான். கேசட்தான், பென்சில விட்டு சுத்தி பின்னாடி கொண்டு வந்து, திரும்ப ப்ளே. ஒரு இன்டர்லூட, அதாவது நடுவுல வர்ற வாத்திய இசைய, எடுக்க விடிஞ்சுரும்.

இப்போ இருக்க பசங்களுக்கு ஒரு ரகசியம் சொல்றேன், எனக்கு பேரே இதனால வந்ததுதான். டேப்ல ஹெட்ஃபோன் பின்ன முழுசா சொருகாம பாதில நிறுத்துங்க. ஒரு இடத்துல பாடறவர் குரல் பொசுக்குனு காணாம போயிரும், சுத்தி இருக்க வயலினு, கிட்டாரு, கோரஸ் எல்லாம் மேல வந்துரும், குரலோட எக்கோ மட்டும் ஆவி மாதிரி தூரத்துல கேக்கும். எனக்கு இது 19 வயசுல பின் லூஸான டேப்ல தற்செயலா கெடச்சுது, பேய் புகுந்துருச்சுன்னு நெனச்சேன். அப்புறம் எலக்ட்ரீசியன் ஒருத்தர் விளக்கினாரு, பின்னோட அடிக்கம்பி, பொது கம்பி, அது தொடாம போனா இடது வலது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும், குரல ரெண்டு பக்கமும் சமமா நடுவுல வெச்சிருப்பாங்க, அதனால ஒண்ண ஒண்ணு அடிச்சுகிட்டு போயிரும். அன்னிலேர்ந்து எங்க குரூப்ல வயலின் பார்ட் எல்லாம் அப்படித்தான் எடுத்தோம். ஸ்டீரியோவா இருக்கணும், மோனோ பாட்டுல, ரெண்டு பக்கமும் ஒண்ணே வர்றதுல, பண்ணா எல்லாமே போயிரும்.

அதே மாதிரி ஸ்பீக்கர் வயர்ல ஒண்ண கழட்டி விட்டு ஒரு பக்கம் மட்டும் கேக்கறது. 80கள்ல வந்த ஸ்டீரியோ பாட்டுல ஒரு பக்கம் ஒரு உலகம், இன்னொரு பக்கம் இன்னொரு உலகம். நூறு தடவ கேட்ட பாட்டுன்னு நெனச்சுகிட்டிருப்போம், இடது பக்கம் மட்டும் போட்டா ஒரு கிட்டார் பாவம் மொத்த பாட்டுக்கும் தனியா உக்காந்து ஏதோ பேசிகிட்டே இருக்கும், நாம கவனிச்சே இருக்க மாட்டோம்.

பூட்டு தம்பிக்கு நான் சொல்றது புதுசு தேடாதீங்க, அந்த 40 பாட்ட இப்படி கேளுங்க, 40 புது பாட்டு கெடச்சுரும். எனக்கு புதுசு கண்டுபிடிச்சு தர்றதெல்லாம் எங்ககிட்ட பாட்டு கேக்கற பொண்ணு மாப்பிள்ளைங்கதான், ஒரு வாரம் முன்னாடி லிஸ்ட் வரும் வாட்ஸ்ஆப்ல, அதுல மூணு பாட்டாவது நான் கேள்விப்பட்டிருக்க மாட்டேன், ரீல்ஸ்ல வந்ததாம், முழுப் பாட்ட தேடினா முழுப் பாட்டே ரெண்டு நிமிஷந்தான் இருக்கு. ரெண்டு நிமிஷத்துக்கு எதுக்கு ரிகர்சல்னு டிரம்மர் கேக்கறான்.

வெள்ளிக்கிழமை விரதம்:

நான் ஒரு மியூசிக் லேபிள்ல, சுயாதீன கலைஞர்கள் பக்கம். வர்ற டெமோ, அதாவது பசங்க மாதிரிக்கு பதிஞ்சு அனுப்பற பாட்டு, எல்லாம் கேக்கறது என் வேலைல ஒரு பகுதி. உலகம் முழுக்க புது ரிலீஸ் வெள்ளிக்கிழமைன்னு 2015 ஜூலைலேர்ந்து பொதுவா ஆக்கிட்டாங்க, நம்ம சினிமா சிங்கிள் மட்டும் ஜாதகம் பாத்து எந்த கிழமையும் வரும், ஆனாலும் எங்களுக்கு வெள்ளி வந்தா சாப்பாடு கெடையாது, அதான் பேரு.

நான் டெமோவ எப்படி கேக்கறேன்னு ஒளிக்காம சொல்லிடறேன், யாராவது பாட்டு அனுப்பற பசங்க இருந்தா உதவும். லிங்க தொட்டா ஓடணும். "அனுமதி வேண்டும்"னு கூகிள் டிரைவ் கேட்டுச்சுன்னா கேப்பேன், நீங்க ரெண்டு நாள் கழிச்சு குடுப்பீங்க, அதுக்குள்ள எனக்கு மறந்துருக்கும். இதுலயே பாதி பேர் போயிடறாங்க, பாட்டு நல்லாருந்துச்சா இல்லையான்னு யாருக்குமே தெரியாம. மொத தடவ போன் ஸ்பீக்கர்ல, வேற வேலை பாத்துகிட்டே கேப்பேன். வேணும்னேதான். தலைய தூக்க வெச்சா நிறுத்திட்டு ஹெட்ஃபோன் போட்டு மொதல்லேர்ந்து. ஸ்பாட்டிஃபைல 30 செகண்ட் ஓடினாதான் ஒரு ஸ்ட்ரீம்னு கணக்கு, அதனால எல்லாரும் மொத 5 செகண்ட்லயே கோரஸ கொண்டு வந்து கொட்டறாங்க, இப்போ வர்ற டெமோல பாதி அப்படித்தான், வாசல்லயே பந்தி போட்ட மாதிரி. மெதுவா ஆரம்பிக்கற பாட்டு வந்தா எனக்கு இப்போ தனி மரியாதை.

அப்புறம் எண்ணிக்கைய நம்பாதீங்க. 2024லேர்ந்து ஸ்பாட்டிஃபைல வருஷத்துக்கு 1000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ராயல்டி கணக்கே கெடையாது. அந்த ஆயிரத்துக்கு கீழ கெடக்கறதுலதான் நான் சனிக்கிழமை உக்காந்து துழாவுவேன். குப்பை நிறைய, பொய் சொல்லல. ஆனா போன வருஷம் ஒரு பொண்ணு அனுப்பினது, போன்ல ரெக்கார்ட் பண்ணது, சமையக்கட்டுல. நடுவுல குக்கர் விசில் அடிக்குது. அவ நிறுத்தல, லேசா சிரிச்சுட்டு, விசில் அடங்கற வரைக்கும் அந்த ஸ்வரத்துலயே நின்னு நீட்டிட்டு, அடங்கினதும் அடுத்த வரிக்கு போறா. சுருதி ஒரு இழை நகரல. நான் அத ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் போட்டு காட்டினேன், "விசில எடுத்துடலாம்ல"ன்னு ஒருத்தர் கேட்டாரு. இந்த துறைல என்ன கோளாறுன்னு அந்த ஒரு கேள்வில தெரிஞ்சுக்கலாம்.

என் சொந்தத்துக்கு? பேண்ட்கேம்ப்னு கலைஞர்களே பாட்டு விக்கற சைட்ல காசு குடுத்து வாங்குவேன். மாசம் ரெண்டு ஆல்பம், அதுக்கு மேல இல்ல. காசு குடுத்துட்டோம்ல, அதனால முழுசா கேப்பேன், எனக்கு அந்த கட்டாயம் தேவைப்படுது. மத்தபடி யார பாத்தாலும் ஒரு கேள்விதான், "இந்த மாசம் எந்த பாட்ட ரெண்டு தடவ கேட்டீங்க?" "நல்ல பாட்டு சொல்லுங்க"ன்னு கேட்டா எல்லாரும் மரியாதையான பேரா சொல்லுவாங்க. ரெண்டு தடவ கேட்டது எதுன்னு கேட்டா கொஞ்சம் கூச்சப்பட்டுட்டு உண்மைய சொல்லுவாங்க.

ஸ்காபரோ மச்சான்:

நான் டொரொன்டோவில கலியாண வீடுகளுக்கு டிஜே பண்ணுறன். என்ர முறை சரியான லேசு, நான் காதை நம்புறேல்ல, காலைத்தான் பாக்கிறனான். புதுப்பாட்டு ஒண்டைப் போட்டுட்டு மேசையில இருக்கிற ஆக்களிண்ட கால் ஆடுதோ எண்டு பாப்பன். எழும்பி ஆடாட்டியும் பறவாயில்லை, செருப்பு நுனி ஆடினால் காணும், அந்தப் பாட்டு அடுத்த கிழமையும் வரும். யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒராளும் கனடாவில பிறந்த பேத்தியும் ஒரே நேரம் காலாட்டின பாட்டு எண்டால் அது எங்கட பழைய பைலாதான், இலங்கை ஆட்டப் பாட்டு, வேற ஒண்டும் கிட்டவும் வரேல்ல.

வீட்டில ஒண்டும் கேக்கிறேல்ல. கார்ல அப்பா இலங்கை வானொலிக் கதையள் சொல்லுவார், அதுதான் ஓடும்.

சும்மா சொல்றேன்:

அந்த பாதி பின் மேட்டர் உண்மையா? வாட்ஸ்ஆப் மாமா ஃபார்வேர்டு மாதிரி இருக்கு.

மோனோ மாமா:

நூத்துக்கு நூறு உண்மை. ஸ்டூடியோல நாங்க இதையே பட்டன்ல பண்றோம், சைடு மட்டும் கேக்கறதுன்னு, மிக்ஸ்ல என்ன ஒளிஞ்சிருக்குன்னு பாக்க. பெரியவர் பேய்க்கு பயந்துகிட்டு 19 வயசுல கண்டுபிடிச்சிருக்காரு. ஐயா, உங்கள நேர்ல பாக்கணும்.

பாதி ஜாக்:

வாங்க தம்பி, ஆடி மாசம் தவிர எப்பவும் வீட்லதான். இல்ல மாத்தி சொல்லிட்டேன், ஆடில கோயில் ப்ரோக்ராம் நிறைய, மார்கழில வாங்க.

திண்டுக்கல் பூட்டு:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு நெனக்கல. நேத்து ஞாயித்துக்கிழமை சோதனை பண்ணேன். என் போன்ல பின் ஓட்டையே கெடையாது. பரண்ல அப்பாவோட டேப் இருந்துச்சு, ரேடியோவும் கேசட்டும் ஒண்ணா இருக்கறது, பெல்ட் போயிருக்கும்னு நெனச்சேன், ஓடுச்சு. அந்த 40ல ஒண்ணு கேசட்டாவே இருந்துச்சு, அப்பா ரெக்கார்டிங் சென்டர்ல பதிஞ்சது, டிடிகே 60, பக்கம் ஏ பக்கம் பின்னு அவர் கையெழுத்து. பின்ன மெல்ல இழுத்துகிட்டே வந்தேன், ஒரு இடத்துல குரல் மொத்தமா போயிருச்சு. எனக்கு நிஜமாவே சிலிர்த்துருச்சு. பின்னாடி மூணு வயலினா நாலு வயலினா தெரியல, ஒண்ணோட ஒண்ணு பேசிகிட்டிருக்கு, 15 வருஷமா இது அங்கயே இருந்திருக்கு.

அம்மாகிட்ட ஹெட்ஃபோன மாட்டி விட்டேன். ஒரு நிமிஷம் கேட்டுட்டு "ஏண்டா, பாடறவர் எங்க போனாரு?"ன்னாங்க. அப்புறம் கழட்டவே இல்ல, பக்கம் பி முடியற வரைக்கும்.

சித்தி பையனுக்கு இந்த லிங்க அனுப்பினேன். "மொதல்லயே சொல்லிருந்தா கார்லயே இடது ஸ்பீக்கர மட்டும் போட்டிருக்கலாம்ல"ன்னு திட்றான். கடத்துலேர்ந்து கிளம்பற ரூட்டையும் ஆரம்பிச்சிருக்கேன் மோனோ மாமா, இன்னும் ஷக்திலதான் நிக்கறேன், ஆபீஸ் பஸ்லதான்.